பத்தேகால் மணி ஓட்டம்

அருள்ஜோதிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி, அடக்க அடக்க மூக்கு வழியாக வெளியே வரும். சின்ன வயதில் சர்ச்சில் புதுநன்மை அப்பம் வாங்கிய அன்று பாதிரியாரின் கை பக்கத்தில் வந்ததும் சிரித்துவிட்டு, மறுநாள் முழுக்கப் பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் காபித் தட்டைக் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தாள். பெண்ணுக்கு என்னவோ கோளாறு என்று மாப்பிள்ளையின் அத்தை எழுந்தேவிட்டாள். மாப்பிள்ளை கிளமென்ட்டும் சேர்ந்து சிரித்துவிட்டதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. மன்னார்குடியில் அவன் டிராக்டர் மெக்கானிக். வீட்டில் எது உடைந்தாலும் இருவரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தேடுவார்கள்.

இப்படிப்பட்டவளைத்தான் அரசாங்கம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல சேந்தங்கரைக்கு அனுப்பியது.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில், டவுன் பஸ் பொறுமையிழந்து திரும்பிப் போகிற இடம் சேந்தங்கரை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மதகைத் தாண்டினால் வயல், வயலுக்கு அப்பால் பள்ளிவாசல் தெருவும் நடுத்தெருவும். பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் செல்லதுரை ஒன்றையும் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று, நான்கு, ஐந்தை அருள்ஜோதியிடம் தள்ளிவிட்டிருந்தார். சின்னப் பிள்ளைகள்தான் மதியத்துக்கு மேல் தூங்கும், அவருக்கு ரெக்கார்டு வேலை ஓடும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் சேந்தங்கரையில் ஆண்களுக்குப் பஞ்சம். பள்ளிவாசல் தெருவில் வெளிநாடு போனவரைச் சபராளி என்பார்கள். வீட்டுக்கு ஒரு சபராளி சவுதியிலோ குவைத்திலோ இருந்தார். நடுத்தெருக்காரர்கள் சிங்கப்பூருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போயிருந்தார்கள். அருள்ஜோதியின் முப்பத்தேழு பிள்ளைகளில் பதினான்கு பேருக்கு அப்பா கேசட்டில்தான் இருந்தார். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் சட்டைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார். டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பக்கம் கேட்டுவிட்டு, திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தில் அழுவார்கள்.

மூன்றாம் வகுப்பு ராபியாவின் அத்தா யூனுஸும் அப்படித்தான் ஆடி மாதம் சவுதியில் தம்மாமுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போனான். அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து.

காலையில் பிரேயர் முடியும், வருகை எடுத்து முடியும், கணக்கு நோட்டைத் திறப்பார்கள். மணி பத்தேகால் ஆனதும் ராபியா எழுந்திருப்பாள். அழமாட்டாள், கேட்கமாட்டாள், யாரையும் பார்க்கவும் மாட்டாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, மதகைத் தாண்டி, வரப்போரமாக ஓடி வீட்டுக்குப் போவாள். பன்னிரண்டு நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கழித்தல் கணக்கைப் போடுவாள். கணக்கும் சரியாக இருக்கும். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. ஏன் போகிறாய் என்று கேட்டால் பென்சிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அருள்ஜோதி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். கதவைச் சாத்தினாள், ராபியா கம்பியில்லாத ஜன்னல் வழியாகப் போய், அதே ஜன்னல் வழியாக வந்தாள். வகுப்புத் தலைவி ஆக்கினாள். தலைவி என்ற மிடுக்கோடு போய்விட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பு வீரமணியையும் சந்திரலேகாவையும் இரண்டு பக்கமும் உட்கார்த்தி, கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூன்று பேரையும் காணோம். பிடித்த பிடியை விடக்கூடாது என்று டீச்சர்தான் சொன்னார்கள், அதனால் கூடவே ஓடினோம் என்று வந்து சொன்னான் வீரமணி. அவன் மேல் தப்பே இல்லை.

செல்லதுரை சாருக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. வழியில் வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது, பிள்ளை விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ராபியாவின் அம்மா ஷம்சாத்தைக் கூப்பிட்டனுப்பினால், அவள் அதற்கு மேல் போனாள். எப்படியும் அஞ்சாவதோடு நிறுத்தப்போகிற பிள்ளைதானே, இப்போதே நின்றுவிட்டுப் போகட்டும், எனக்கும் வீட்டில் துணையாக இருக்கும் என்றாள். இரண்டு பேரும் எவ்வளவு சுலபமாக ஒத்துப்போய்விட்டார்கள்! எட்டு வயதுப் பெண்ணின் படிப்பு அருள்ஜோதியின் கண்ணெதிரே முடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போக வேண்டியதாயிற்று.

மறுநாள் பத்தேகாலுக்கு ராபியா எழுந்ததும் அருள்ஜோதியும் எழுந்தாள். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. கால் போயிற்று, அவள் பின்னால் போனாள். அவளுக்கு வயது முப்பத்துநாலு, உடம்பு கொஞ்சம் கனத்த உடம்பு, அன்றைக்கென்று கஞ்சி போட்ட காட்டன் புடவை. மதகு வருவதற்குள் ஒரு செருப்பு வார் அறுந்தது. திரும்பிப் பார்த்தால் முப்பத்தாறு பிள்ளைகளும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் ஓடினால் வகுப்பு ஓட வேண்டியதுதானே.

இத்தனை கூட்டத்தைக் கண்டு ராபியாவே திகைத்து மதகின் மேல் நின்றுவிட்டாள். அருள்ஜோதி அவள் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியதில் அதட்டக் குரல் வரவில்லை. எதற்கம்மா இந்த ஓட்டம் என்று கெஞ்சுகிற மாதிரிதான் கேட்க முடிந்தது. அதனால்தானோ என்னவோ, ராபியா பதில் சொன்னாள்.

"அம்மா இருக்காங்களான்னு பாக்கத்தான் டீச்சர். அத்தா அன்னைக்கு பத்தேகாலுக்கு வேன் ஏறிப் போனாங்களாம். அப்ப நான் இங்கதான் இருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அருள்ஜோதிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பயணம் போகிறவரை யாரும் அழுது அனுப்பக்கூடாது, அழுதால் போகிற காரியம் விளங்காது என்பது ஊர் வழக்கம். வாசலைத் தாண்டியவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது. அதனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் வேனைக் கிளப்பிவிடுவார்கள். அன்று காலை ஷம்சாத் வந்து, இன்றைக்குப் பயணம், நாலு மணி வரைக்கும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அருள்ஜோதி தலையாட்டினாள். தலையாட்டினது மட்டுமா? ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னதற்கு ராபியாவை மேஜை மேல் நிற்கவைத்து, எல்லாரையும் கைதட்டவைத்து, நாலே காலுக்குத்தான் அனுப்பினாள். கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போன பிள்ளை, காலியான கொடிக் கயிற்றையும் காலியான நாற்காலியையும் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நாம் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வீட்டில் ஆள் காணாமல் போகிறார்கள் என்று அவள் கண்டுபிடித்ததில் என்ன தப்பு? அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் தானும் ஒருத்தி என்று அருள்ஜோதிக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. சிரிப்பு வரவில்லை.

"சரி, வா. போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

ஷம்சாத் இருந்தாள். அம்மியில் குனிந்திருந்தவள், வாசலில் முப்பத்தேழு தலைகளையும் செருப்பைக் கையில் பிடித்த டீச்சரையும் கண்டு அரைத்த கையோடு எழுந்து நின்றாள். ராபியா எண்ணிப் பார்க்கிறவள் போல ஒரு பார்வை பார்த்தாள், திரும்பினாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் கிளம்புகிற நேரத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், எங்க அம்மாவையும் பார்க்கணும் டீச்சர் என்றது. உடனே இன்னொன்று. அப்புறம் எல்லாமே.

அன்றைக்கு அடங்கியது. ஆனால் அந்த வாரம் முழுக்க அருள்ஜோதி, செல்லதுரை சாரின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தினம் ஐந்தாறு வீடாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா பார்க்கப் போனாள். ஊர் பட்டபாடு கொஞ்சமில்லை. சந்திரலேகாவின் அம்மா வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். வீரமணியின் அம்மா பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று அவன் உதட்டில் விரல் வைக்க, முப்பத்தாறு பேரும் நுனிக்காலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு நுனிக்காலிலேயே போனார்கள். நடவுக்குப் போன அம்மாக்களைத் தேடி வரப்பில் நின்றால், வரிசையாகக் குனிந்த முதுகுகள்தான் தெரிந்தன. முதுகைப் பார்த்தே பிள்ளைகள் அம்மாவைச் சொன்னார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சேற்றுக் கையோடு நிமிர்ந்த பெண்கள், பள்ளிக்கூடம் எங்களைத் தேடி வயலுக்கே வந்துவிட்டதா என்று கேலி பண்ணி, சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நாற்றுக் கட்டு நழுவித் தண்ணீரில் மிதந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளை, திருப்பூர்ப் பிள்ளை, அப்பா வீட்டிலேயே இருக்கிற பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. எல்லாருக்கும் உள்ளுக்குள் அந்த ஒரே கேள்வி இருந்திருக்கிறது, ராபியாவுக்கு மட்டும்தான் கால் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டாள். செல்லதுரை சார் சம்பளப் பட்டியலோடு மன்னார்குடிக்குப் போயிருந்ததால் ஒன்றும் இரண்டும்கூட ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன. திரும்பி வந்தால் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டர். உள்ளே அருள்ஜோதியின் நாற்காலியில் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் உத்திராபதி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஆளில்லாத இரண்டு வகுப்பறைகளும், அறுபது புத்தகப் பைகளும், பயந்துபோய் மோர் கொண்டுவந்து வைத்த சத்துணவு ஆயாவும்.

எங்கே போயிருந்தீர்கள் என்று அவர் கேட்டார். அருள்ஜோதி வாயைத் திறந்தாள். குமிழ் கிளம்பிவிட்டது. சார் என்ற ஒரு வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அலுவலரின் முகம் சிவந்துகொண்டே போனது, அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு இன்னும் முட்டியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராபியா முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லா அம்மாவையும் பாத்துட்டோம் சார். எல்லாரும் இருக்காங்க. ஒருத்தங்க மட்டும் ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க."

ஆடி மாதத்துக்குப் பிறகு வகுப்பறையில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முடிவில், பள்ளியைக் காலியாக விட்டதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று மெமோ எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் கொடுத்தார். சட்டம் சட்டம்தான். கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை உதைக்கும்போது, இனிமேல் அந்த ஓட்டத்துக்கு ரெக்கார்டில் வெளி உலா என்று பெயர் போடுங்கள், மதகில் மட்டும் பிள்ளைகளைக் கைகோத்து நடக்க வையுங்கள் என்றார். அவள் எழுதிக் கொடுத்த நாலு பக்க விளக்கம் என்ன ஆயிற்றென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அலுவலரே பெயர் வைத்துவிட்ட பிறகு செல்லதுரை சாரால் ராபியாவின் பெயரை அடிக்க முடியவில்லை.

வெளி உலாவுக்கு முடிவு கட்டியவள் ஷம்சாத்தான். தினமும் இத்தனை பேர் வந்து நின்றால் நான் எப்போதுதான் சமைப்பது என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். ஆனால் வெறுமனே அலுத்துக்கொண்டு நிற்கிற பெண் இல்லை அவள். அடுத்த நாள் காலையில் யூனுஸ் விட்டுவிட்டுப் போன பச்சைக் கட்டம் போட்ட கைலியை எடுத்து மாடிக் கொடியில் விரித்துப் போட்டாள். பள்ளியின் கிழக்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் வயலுக்கு மேலே அது பளிச்சென்று தெரிந்தது. கைலி தொங்கினால் அம்மா இருக்கிறாள். எங்காவது போனால் எடுத்துவிட்டுப் போவாள், வந்ததும் போடுவாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

பத்தேகாலுக்கு ராபியா எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு நிமிஷ வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. மற்ற அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வாரத்தில் சேந்தங்கரை மாடிகளிலும் ஓட்டு வீட்டு முருங்கை மரங்களிலும் சிவப்புத் துண்டு, மஞ்சள் தாவணி, சிங்கப்பூர் போர்வை என்று ஏறிவிட்டன. வழிதவறி வந்த ஒரு சர்பத் வண்டிக்காரர், ஊரில் திருவிழாவா என்று கேட்டுக் கடை போட்டு, நல்ல வியாபாரமும் பார்த்துவிட்டுப் போனார். கார்த்திகை அடைமழையில் மட்டும் ஒரு நாள், நனையுமே என்று ஷம்சாத் கைலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ராபியா கொட்டுகிற மழையில் ஓடினாள். பின்னால் அருள்ஜோதி குடையோடு ஓடினாள். அதற்குப் பிறகு கைலி மழையிலும் தொங்கியது.

இரண்டு வருஷம் கழித்து யூனுஸ் விடுமுறையில் வந்தான். தன் கைலி வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கட்டமே தெரியாமல் கிடப்பதைக் கண்டு, நான் இல்லாத நேரத்தில் இதை யார் கட்டினார்கள் என்று கேட்டான். வீடே சிரித்தது. ஷம்சாத் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கைலியை மடியில் போட்டு, வெளுத்துப்போன கட்டங்களை விரலால் தேடிக்கொண்டிருந்தானாம்.

மறுபயணத்துக்கு நாள் குறித்ததும் அருள்ஜோதி அவர்கள் வீட்டுக்குப் போனாள். போகிற அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றாள். யூனுஸுக்கு முகம் மாறிவிட்டது.

"அழுதுடுவாளே டீச்சர்."

"அழட்டுங்க. சொல்லாம போனதுக்கு ரெண்டு வருஷமா ஓடுனா, ஜன்னல்ல நின்னா. சொல்லிட்டுப் போனா ஒரு நாள்தான் அழுவா. கூட அழுறதுக்கு நாங்க இத்தனை பேரு இருக்கோம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளே உதறல்தான். ஊர் வழக்கத்தை மீறச் சொல்லியிருக்கிறாள். இதிலும் பிள்ளை பழையபடி வாயை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தால், ஐந்தாம் வகுப்பு முடிகிற வருஷம், ஷம்சாத் நிறுத்திவிடுவாள். கூத்தாநல்லூர்ப் பெரிய பள்ளிக்கூடம் வெறும் கனவாகிவிடும்.

போகிற அன்று வேன் பள்ளி வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையுமாக யூனுஸ் உள்ளே வந்து, மகளுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இரண்டு ரமலான் முடிந்து மூன்றாவதற்கு முன்னால் வந்துவிடுவேன், வெள்ளிக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வேன், அம்மா எங்கேயும் போகமாட்டாள் என்று விரல் விட்டுச் சொன்னான். ராபியா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அழுதாள். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து வைத்த அழுகை. ஜன்னல் அதிர அழுதாள். அவளைப் பார்த்துச் சந்திரலேகாவின் தம்பி அழுதான், வரிசையாக எல்லாரும் அழுதார்கள், செல்லதுரை சார் ரெக்கார்டைத் தேடுகிறவர் போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அருள்ஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. அந்த விக்கலைக் கேட்டு முதலில் சிரித்தது ராபியா. கன்னமெல்லாம் நனைந்திருக்க, அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யூனுஸ் வேனுக்குப் போகிற வழியில், திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற சட்டத்தைப் பதினோரு தடவை மீறினான். பிள்ளைகள் எண்ணினார்கள்.

மறுநாள் பிரேயர் முடிந்தது, வருகை எடுத்தாயிற்று. மணி பத்தேகால் ஆகப்போகிறது. வகுப்பில் யாருக்கும் கணக்கில் புத்தி இல்லை. பாதிப் பேர் செருப்பைக் காலில் மாட்டித் தயாராக இருந்தார்கள். ராபியா எழுந்திருக்கவில்லை. பெருக்கல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அருள்ஜோதிதான் தாங்கமாட்டாமல் கிழக்கு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். மாடிக் கொடி காலி. கைலி இல்லை.

ஷம்சாத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். சாக்பீஸைப் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள்.

"டீச்சர், ஓடாதீங்க. அம்மா வீட்டுலதான் இருக்காங்க" என்றாள் ராபியா, நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. "நான்தான் கைலிய எடுத்து மடிச்சு பெட்டியில வைக்கச் சொன்னேன். வெயில்ல வீணாப் போவுது. அத்தா வந்தா கட்டிக்க வேணும்ல."

அருள்ஜோதி வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஓடிய அவசரத்தில் மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள்.